படம் ஒரு பக்கம் மட்டும் மங்குவது ஏன்?

பழைய குழு நிழற்படம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இரண்டு வரிசை மனிதர்கள், நடுவில் நாற்காலியில் தலைமையாசிரியர், ஓர் ஓரத்தில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை. அப்படிப்பட்ட ஒரு படத்தின் நெகட்டிவை எங்கள் கல்லூரியின் பௌதிகத் துறை இருட்டறையில் பெரிதாக்க முயன்றோம். அப்போது நேர்ந்த ஒரு தொல்லையையும், அதன் காரணத்தைத் துரத்திச் சென்ற வழியையும் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன். மேல்நிலைப் பள்ளியில் நீங்கள் படித்த லென்சுச் சமன்பாட்டுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

எங்கள் ஊரில் இருந்த ஸ்டுடியோ ஒன்றை அதன் உரிமையாளர் சில ஆண்டுகளுக்கு முன் மூடிவிட்டார். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். தம்மிடமிருந்த என்லார்ஜரையும் அலமாரி நிறைய நெகட்டிவ்களையும் எங்கள் துறைக்குக் கொடுத்தார். மாணவ மாணவியர் சிலரோடு அதைத் துடைத்துத் துப்புரவு செய்து, ஆய்வகத்தின் பின்னால் இருந்த சிறு அறையின் சன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, ஓர் இருட்டறை அமைத்தோம். நெகட்டிவ் உறைகளைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி திடீரென்று நின்றாள். 1978 என்று எழுதிய உறை. உள்ளே அவளுடைய ஆச்சி படித்த பள்ளியின் குழுப்படம். ஆச்சியின் இளவயதுப் படம் வேறொன்றும் வீட்டில் இல்லையாம். அன்று மாலையே எட்டு மடங்கு பெரிதாக்கி ஒரு படம் எடுத்தோம்.

பலகையின் எழுத்துகள் வெட்டிவைத்தாற்போலத் தெரிந்தன. வலப்பக்கத்தில் நின்றவர்களின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். இடக்கோடியில் நின்ற ஆச்சியின் முகமோ பால் ஏட்டில் வரைந்ததுபோல் கலங்கியிருந்தது.

"சார், ஆச்சி முகம் மட்டும் ஏன் கரைஞ்சு போச்சு?"

"நெகட்டிவே அப்படித்தாம்மா. எடுத்தபோது ஆச்சி அசைந்திருப்பார்கள்" என்றேன் நான். பௌதிக ஆசிரியர் சோதிக்காமல் சொல்லக்கூடாத பதில் அது. அவள் கையில் ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தது. படத்தை அதன் வழியே பார்த்துவிட்டு, "பக்கத்துல இருக்கிற சுவரும் கரைஞ்சிருக்கே சார், சுவர் அசையுமா?" என்றாள்.

துகள் சொல்லும் சாட்சி

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் சுவர் மங்கலாக இருப்பதற்குப் படம் எடுத்த காமிராவின் லென்சும் காரணமாகலாம் அன்றோ? நெகட்டிவ் குற்றவாளியா, பெருக்கும் கருவி குற்றவாளியா என்பதைத் தீர்க்க ஒரு நேர்மையான சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நெகட்டிவிலேயே இருக்கிறது.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பிம்பம் என்பது ஜெலட்டின் படலத்தில் சிதறிக் கிடக்கும் வெள்ளித் துகள்களே. காமிரா அசைந்தாலும், ஆச்சி அசைந்தாலும், காமிராவின் குவியம் தவறினாலும், துகள்கள் எப்போதும் கூர்மையாகவே இருக்கும். ஏனெனில் அவை பிம்பத்தைத் தாங்கும் பொருள். பிம்பத்தோடு சேர்ந்து கலங்குவதில்லை. எனவே பெரிதாக்கிய படத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். முகம் மங்கலாகவும் துகள்கள் தெளிவாகவும் இருந்தால் தவறு காமிராவில். முகத்தோடு துகள்களும் கரைந்திருந்தால் தவறு நம் கருவியில்.

எங்கள் படத்தின் வலப்பக்கத்தில் மணல் தூவியதுபோல் துகள்கள் தெரிந்தன. இடப்பக்கத்தில் துகளே இல்லை, வழவழவென்று ஒரு சாம்பல் நிறம். ஆச்சியின் மேல் நான் சுமத்திய பழியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இன்னொரு சோதனையும் செய்தோம். நெகட்டிவைத் தாங்கியோடு அரைச் சுற்று திருப்பி வைத்தோம். இப்போது ஆச்சி வலப்பக்கத்துக்கு வந்துவிட்டார். மங்கல் ஆச்சியோடு போகவில்லை; இடப்பக்கத்திலேயே தங்கி, சட்டைப் பொத்தான்காரர்களைக் கரைத்தது. தராசின் தட்டுகளில் பொருளையும் படிக்கல்லையும் இடம் மாற்றி நிறுத்துப் பார்ப்பது நினைவுக்கு வருகிறதா? அதே தந்திரம்தான். எது எதனோடு சேர்ந்து நகர்கிறது என்று பார்த்தால் குற்றம் யாருடையது என்பது தெரிந்துவிடும்.

மூன்று தளங்கள்

கருவியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படப்பெருக்கி என்பது தலைகீழாகத் தொங்கும் ஒரு சினிமாப் பொறி எனலாம். உச்சியில் விளக்குக் கூடு. அதன் கீழே நெகட்டிவைப் பிடிக்கும் தாங்கி. அதற்குக் கீழே துருத்தி. துருத்தியின் முனையில் ஒரு தகட்டில் லென்சு. இவை மூன்றும் ஒரே தலையாகச் சேர்ந்து ஒரு தூணில் ஏறி இறங்கும். தூண் நிற்பது அடிப்பலகையின் மேல். அங்கே வைக்கும் ஒளியுணர் தாளில் பிம்பம் விழுகிறது.

ஆக, நெகட்டிவ் ஒரு தளம், லென்சு ஒரு தளம், தாள் ஒரு தளம். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் படம் முழுவதும் ஒருசேரத் தெளியும். ஒன்று சாய்ந்தாலும் படத்தின் ஒரு பகுதி தெளிந்து மறுபகுதி மங்கும். இதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எவ்வளவு சாய்ந்தால் கெடும், மூன்றில் எது சாய்ந்தால் அதிகம் கெடும் என்று கேட்டால் பலரும் தவறான பதிலையே சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆகவே காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

35 மி.மீ. படச்சுருளின் ஒரு கட்டம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. லென்சின் குவியத் தூரம் 50 மி.மீ. எட்டு மடங்கு உருப்பெருக்கத்தில் தாளில் விழும் படம் 288 மி.மீ. நீளம், 192 மி.மீ. அகலம். லென்சுச் சமன்பாட்டின்படி, நெகட்டிவ் லென்சிலிருந்து 56.25 மி.மீ. தூரத்திலும், தாள் 450 மி.மீ. தூரத்திலும் இருக்கவேண்டும். நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

இப்போது நெகட்டிவின் ஒரு முனை மட்டும் 0.1 மி.மீ. லென்சை நெருங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அந்த முனைக்குப் பொருள் தூரம் 56.15 மி.மீ. மீண்டும் சமன்பாட்டில் இடுங்கள். பிம்பத் தூரம் ஏறத்தாழ 456.5 மி.மீ. வரும். தாள் கனம் அசைந்ததற்கு பிம்பம் ஆறரை மி.மீ. ஓடிவிட்டது! நீள அகலங்கள் எட்டு மடங்கு பெரிதானால், ஆழம் எட்டின் வர்க்கமாகிய 64 மடங்கு பெரிதாகும். நுண்கணிதம் தெரிந்தவர்கள் சமன்பாட்டை வகையிட்டு இதே 64ஐப் பெறலாம்.

ஆறரை மி.மீ. ஓடினால் எவ்வளவு மங்கும்? லென்சின் திறப்பு எஃப் 4 என்றால் அதன் விட்டம் 50ஐ 4ஆல் வகுத்து 12.5 மி.மீ. இந்த அகலத்திலிருந்து புறப்படும் ஒளிக்கூம்பு 450 மி.மீ. கடந்து ஒரு புள்ளியில் குவிகிறது. கூம்பு ஒவ்வொரு 36 மி.மீ. நீளத்துக்கும் 1 மி.மீ. வீதம் குறுகுகிறது. எனவே குவியப் புள்ளியிலிருந்து 6.5 மி.மீ. தள்ளி வெட்டினால் 0.18 மி.மீ. விட்டமுள்ள வட்டம் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நல்ல கண் ஏறத்தாழ 0.1 மி.மீ. வரை பிரித்தறியும். ஆகவே இந்த மங்கல் கண்ணில் படும்.

யார் சாய்ந்தால் அதிகக் கேடு?

மூன்று தளங்களையும் ஒரே கோண அளவு சாய்த்துப் பார்ப்போம்.

முதலில் அடிப்பலகை. தாளின் நடுவிலிருந்து ஓரம் 144 மி.மீ. தூரம். பலகை மூன்றில் ஒரு பாகை சாய்ந்தால் ஓரம் 0.8 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். எஃப் 4இல்கூட 0.02 மி.மீ. மங்கல்தான். எவர் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்து நெகட்டிவ். நடுவிலிருந்து ஓரம் 18 மி.மீ. மட்டுமே, அதே மூன்றில் ஒரு பாகைக்கு ஓரம் 0.1 மி.மீ. அசையும். ஆனால் அது 64 மடங்காகி 6.4 மி.மீ. ஆகிவிடுகிறது. பலகையைப்போல் எட்டு மடங்கு கேடு.

மூன்றாவது லென்சு. இதை யோசிக்க ஒரு வழி உண்டு. லென்சின்மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். லென்சு சாய்ந்தால் எறும்புக்கு எப்படித் தோன்றும்? லென்சு நிலையாக இருக்க, மேலே நெகட்டிவும் கீழே தாளும் சேர்ந்து சாய்ந்ததுபோல் தோன்றும். நெகட்டிவின் எந்த முனை லென்சை நெருங்குகிறதோ அந்த முனையின் பிம்பம் மறுபக்கத்தில், லென்சிலிருந்து விலகிச் சென்று விழும். அதே மறுபக்கத்தில் தாளோ லென்சை நெருங்கி வந்திருக்கும். பிம்பம் விலகுகிறது, தாள் நெருங்குகிறது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடிக்காமல் கூடிக்கொள்கின்றன. நெகட்டிவின் எட்டு, தாளின் ஒன்று, ஆக ஒன்பது மடங்கு.

அடிப்பலகை 1, நெகட்டிவ் 8, லென்சு 9. இதுதான் எட்டு மடங்கு உருப்பெருக்கத்தின் கணக்கு. பத்து மடங்கு பெரிதாக்கினால் 1, 10, 11. சாய்வு என்றதும் பலரும் ரசமட்டத்தை எடுத்து அடிப்பலகையில் வைத்துத்தான் தொடங்குகிறார்கள். மூன்றில் மிகக் குறைவாகக் கெடுக்கும் தளத்தின்மேல் அரைநாள் செலவாகிறது.

தூணையும் இங்கே விடுதலை செய்துவிடலாம். தலையை உயரே ஏற்றினால் தூண் பாரம் தாங்காமல் சற்று முன்புறம் வளையும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் தலை முழுவதுமாகச் சாயும்போது நெகட்டிவும் லென்சும் தங்களுக்குள் இணையாகவே இருக்கின்றன. தாளோடு மட்டும்தான் சாய்வு. ஆகவே அது 1ஆம் வகைக் குற்றம். உச்சியைச் சுவரோடு ஒரு தகடு போட்டுப் பிணைப்பது நல்லதுதான். முக்கியமாக, அது அதிர்வைத் தடுக்கிறது.

சாய்வுதானா என்று முதலில் பாருங்கள்

திருகாணியைக் கையில் எடுப்பதற்கு முன் நோயை உறுதி செய்யவேண்டும். அடிப்பலகையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, லென்சை முழுத் திறப்பில் வைத்து, குவியத் திருகை மெல்ல இங்கும் அங்கும் திருப்புங்கள். தெளிவான பகுதி ஒரு பட்டைபோல் இடமிருந்து வலமாகவோ முன்னிருந்து பின்னாகவோ ஊர்ந்து சென்றால் அது சாய்வு. நடுவில் தோன்றி வட்டமாக ஓரங்களுக்கு விரிந்தால் அது வளைவு. லென்சின் பிம்பத் தளம் வளைந்திருக்கலாம். நெகட்டிவ் தட்டையாக இல்லாமல் குழிந்திருக்கலாம். விளக்கின் சூட்டில் படச்சுருள் சட்டென்று உப்பிக்கொள்வது சாதாரணம். நீங்கள் குவியம் வைத்தபோது ஒரு வடிவம், தாளில் ஒளி விழும்போது வேறு வடிவம். கண்ணாடித் தகடுகளுக்கிடையே நெகட்டிவை அழுத்தி வைத்தால் உப்பாது. ஆனால் அங்கே நியூட்டன் வளையங்கள் வந்து சேரும். ஆய்வகத்தில் கண்டு மகிழ்ந்த அதே வளையங்களை ஒருவர் நெற்றியில் காண்பது மகிழ்ச்சி தராது.

படம் முழுவதும் ஒரே சீராக மங்கினால் அதிர்வையோ குவியத்தையோ சந்தேகியுங்கள். ஒரு பக்கம் மங்காமல் இருண்டு மட்டும் இருந்தால் விளக்கின் இடம் தவறியிருக்கிறது. அது வேறு கதை.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சாய்வு இருக்கும்போது நடுவில் குவியம் வைத்தால் இரு ஓரங்களும் சமமாக மங்கும். அதைக் கண்டு "லென்சு மட்டம்" என்று பலர் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். எங்கள் படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கியதற்குக் காரணம், எழுத்துகள் வசதியாக இருக்கின்றனவே என்று நான் வலப்பக்கப் பலகையில் குவியம் வைத்ததுதான். சாய்வின் விளைவு பெரும்பாலும் இடப்பக்கத்தின் தலையில் விழுந்தது.

"அப்போ ஆச்சி முகத்துல குவியம் வச்சு ஒரு படம் எடுத்துருவோம் சார். மத்தவங்க கரைஞ்சா கரையட்டும்" என்றாள் மாணவி. நடைமுறை அறிவு! ஆனால் மற்றவர்களுக்கும் பேத்திகள் உண்டே.

லென்சின் திறப்பைச் சுருக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்குச் சரி. எஃப் 8இல் கூம்பு மெலிந்து மங்கல் பாதியாகும். பல ஸ்டுடியோக்களில் இந்தச் சாய்வுகள் வெளியே தெரியாமலே காலம் கழிந்ததற்கு அதுவே காரணம். எங்கள் நெகட்டிவ் மிகவும் கருமையானது, விளக்கோ பலவீனமானது. ஆகவே எஃப் 4இல் எடுத்திருந்தோம். அதற்காக எஃப் 16 வரை சுருக்கினால் விளிம்பு விளைவு குறுக்கே வரும். எட்டு மடங்கு பெருக்கத்தில் எஃப் 16க்கு ஒரு புள்ளியின் பிம்பம் ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆரமுள்ள வட்டமாகிவிடும். ஒரு பக்க மங்கலை நீக்கப் போய் முழுப் படத்தையும் மழுக்கிவிடுவோம்.

செவ்வகம் சொன்ன துப்பு

சாய்வு உறுதி. ஆனால் யார்? நெகட்டிவா, லென்சா?

இதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. நெகட்டிவின் மையக் கதிர்களை எண்ணிப் பாருங்கள். நெகட்டிவின் ஒரு புள்ளியிலிருந்து லென்சின் மையம் வழியே செல்லும் கதிர் திசை மாறாமல் தாளை அடைகிறது. நெகட்டிவ் சாய்ந்தால் ஒரு முனை லென்சுக்கு அருகில் வருவதால் அந்தப் பக்கம் சற்று அதிகம் பெரிதாகும், செவ்வகம் சரிவகமாகிவிடும். அடிப்பலகை சாய்ந்தாலும் அப்படியே. ஆனால் லென்சு தன் மையத்தைப் பற்றிச் சாய்ந்தால்? மையக் கதிர்களுக்கு ஒன்றும் நேராது. செவ்வகம் செவ்வகமாகவே இருக்கும். மங்கல் மட்டும் வரும்.

எனவே அளவுகோலை எடுங்கள். முழுவதும் கருத்துப்போன படச்சுருள் துண்டில் ஊசியால் ஒரு செவ்வகம் கீறி, அதன் பிம்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்து பாருங்கள். திறப்பை எஃப் 8க்குச் சுருக்கினால் கோடுகளின் ஓரம் தெரியும். கீறிய செவ்வகமே கோணலாக இருந்தால்? அரைச் சுற்று திருப்பி மீண்டும் அளந்தால் அந்தப் பிழை தனியே பிரிந்துவிடும். மூன்றில் ஒரு பாகைச் சாய்வு நெகட்டிவிலோ பலகையிலோ இருந்தால் 192 மி.மீ. நீளமுள்ள பக்கங்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ 0.7 மி.மீ. வித்தியாசம் வரவேண்டும். நாங்கள் அளந்ததில் கால் மி.மீ. கூட வித்தியாசமில்லை.

சந்தேகம் லென்சின்மேல் குவிந்தது.

ஒளியை நெம்புகோலாக்குவோம்

மூன்றில் ஒரு பாகையைக் கண்ணால் காண முடியாது. கோணமானியாலும் இங்கே அளக்க இயலாது. ஆனால் கண்ணாடி கால்வனாமீட்டரில் நீங்கள் கண்ட உத்தி இருக்கிறது. ஆடி ஒரு கோணம் திரும்பினால் எதிரொளித்த கதிர் இருமடங்கு கோணம் திரும்பும். தொலைவில் வைத்த அளவுகோலில் அது பெரிய நகர்வாகத் தெரியும்.

விரிவுரையில் பயன்படும் லேசர் சுட்டி ஒன்றை ஒரு மரக்கட்டையில் செங்குத்தாகப் பொருத்தி அடிப்பலகையில் வைத்தோம். கதிர் மேல்நோக்கிச் செல்லவேண்டும். அது பலகைக்குச் செங்குத்துதானா? கட்டையை இருந்த இடத்திலேயே சுற்றிப் பாருங்கள். மேலே விழும் புள்ளி வட்டமிட்டால் கதிர் சாய்ந்திருக்கிறது. புள்ளி அசையாமல் நிற்கும்வரை சுட்டியைத் திருகுகளால் சரிசெய்யுங்கள். ரசமட்டம் எதுவும் தேவையில்லை. பூமியோடு நமக்கு வழக்கு இல்லை, பலகையோடுதான் வழக்கு. சுட்டியின் வாயில் நடுவில் துளையிட்ட வெள்ளை அட்டை ஒன்றை வைக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. லேசர் கதிரையோ கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிரையோ கண்ணுக்கு நேராக ஒருபோதும் பார்க்காதீர்கள். அட்டையில் விழும் புள்ளியை மட்டும் பாருங்கள். அறையை முழு இருட்டாக்கவும் வேண்டாம். இருட்டில் கண்பாவை விரிந்திருக்கும்.

முதலில் லென்சைக் கழற்றிவிட்டு, நெகட்டிவ் தாங்கியில் தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தோம். திரும்பி வந்த புள்ளி துளையின் ஓரத்திலேயே விழுந்தது. நெகட்டிவ் தளம் குற்றமற்றது. பிறகு லென்சை மாட்டி, அதன் முன்வளையத்தில் அதே கண்ணாடியை ஒட்டினாற்போல் பிடித்தோம். புள்ளி துளையிலிருந்து 5.5 மி.மீ. தள்ளி விழுந்தது!

கணக்குப் பாருங்கள். தூரம் 450 மி.மீ. 5.5ஐ 450ஆல் வகுத்து, பாதியாக்கினால் 0.0061 ரேடியன், ஏறத்தாழ 0.35 பாகை. லென்சுத் தகட்டின் திருகாணிகளுக்கிடையே 65 மி.மீ. இடைவெளி. எனவே ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 65ஐ 0.0061ஆல் பெருக்கிக் கிடைக்கும் 0.4 மி.மீ. உயர்ந்திருக்கிறது. நான் குவியம் வைத்தது படத்தின் வலப்பாதியின் நடுவில். அங்கிருந்து இடக்கோடி 216 மி.மீ. தூரம். 216, 0.0061, ஒன்பது, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 12 மி.மீ. அதை 36ஆல் வகுத்தால் மங்கல் வட்டத்தின் விட்டம் மூன்றில் ஒரு மி.மீ. ஆச்சியின் முகமோ பெரிதாக்கிய படத்திலும் 10 மி.மீ. உயரம்தான். முகம் கரைந்ததில் வியப்பில்லை.

லேசர் கிடைக்காதவர்களுக்கு இரண்டு ஆடிகள் போதும். ஒன்றின் நடுவே வெள்ளிப் பூச்சைச் சுரண்டி ஒரு சிறு துளை செய்து, விளக்குக் கூட்டையும் லென்சையும் கழற்றிவிட்டு நெகட்டிவ் இருக்குமிடத்தில் கீழ்நோக்கி வையுங்கள். மற்றதை அடிப்பலகையில் மேல்நோக்கி வையுங்கள். துளை வழியே குனிந்து பார்த்தால் முடிவில்லாத பிம்பங்களின் வரிசை தெரியும். தளங்கள் இணையாக இருந்தால் எல்லாம் ஒரே மையத்தில் கிணறுபோல் இறங்கும். சாய்ந்திருந்தால் கிணறு ஒரு பக்கமாக வளையும். ஒவ்வொரு எதிரொளிப்பிலும் கோணம் கூடிக்கொண்டே போவதால் சிறு சாய்வும் மறையாது. லென்சைச் சோதிக்க, அதன் வளையத்தில் ஓர் ஆடியை வைத்து இதையே செய்யலாம்.

தாள் போன இடம்

0.4 மி.மீ. உயரவேண்டிய மூலையில் ஏதாவது செருகவேண்டும். எதைச் செருகுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அன்னைக்குத் துடைக்கும்போது அந்த மூலையில்தான் ஒரு அழுக்குத் தாள் மடிச்சு ஒட்டியிருந்துச்சு. நீங்கதான் சுரண்டி எடுக்கச் சொன்னீங்க."

அண்ணாச்சிக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் முழுதும் சொல்லி முடிக்கவில்லை.

"தாளைக் கழட்டிட்டீயளா சார்?" என்று சிரித்தார். பல ஆண்டுகளுக்கு முன் கடையை இடம் மாற்றியபோது கருவி கீழே சாய்ந்து லென்சுத் தகடு பொருந்தும் இடம் நெளிந்துவிட்டதாம். தினசரி நாட்காட்டித் தாளை மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சோதனைப் படம் எடுத்து, ஓரத்துத் துகளும் நடுத்துகளும் ஒன்றுபோல் தெரியும்வரை பார்த்து வைத்தாராம். சமன்பாடும் லேசரும் இல்லாமல் அவர் கண்டுபிடித்த விடையைத்தான் நான் குப்பையில் போட்டிருந்தேன்.

ஜெராக்ஸ் தாளைத் திருகு அளவியால் அளந்தோம், 0.1 மி.மீ. நான்கு மடிப்பாக்கி அந்த மூலையில் வைத்துத் திருகாணியை முடுக்கினோம். திரும்பி வந்த புள்ளி துளைக்குள் விழுந்தது. நெகட்டிவை வைத்து எஃப் 4இல் குவியத் திருகைத் திருப்பினால், துகள்கள் நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் துள்ளிக்கொண்டு தெளிந்தன. காகிதம் ஈரத்தில் ஊறும், காலப்போக்கில் அமுங்கும். ஆதலால் பிறகு அதே கனத்தில் பித்தளைத் தகடு வெட்டி வைத்துவிட்டோம்.

சாய்வே வேண்டியிருக்கும் சமயம்

சாய்வு எப்போதும் பகையல்ல என்பதையும் சொல்லவேண்டும். கோபுரத்தை அண்ணாந்து படம் எடுத்தால் அதன் பக்கங்கள் மேலே நெருங்கி, பின்னால் சரிவதுபோல் தெரியும். இருட்டறையில் அடிப்பலகையை வேண்டுமென்றே சாய்த்தால் அந்தச் சரிவகம் மீண்டும் நேராகும். ஆனால் பெருஞ்சாய்வில் தெளிவு போய்விடுமே? லென்சையும் தக்க அளவு சாய்த்தால் தெளிவு திரும்பும். நெகட்டிவ், லென்சு, தாள் ஆகிய மூன்று தளங்களையும் நீட்டினால் அவை ஒரே கோட்டில் சந்திக்கவேண்டும், இதுவே நிபந்தனை. பாரிசைச் சேர்ந்த ஜூல் கார்ப்பந்தியே 1901ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றில் படம் பெரிதாக்கும் கருவிகளுக்காகவே இதைச் சொல்லியிருக்கிறார். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்த முயன்ற ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904இல் இதை விரிவாக வகுத்தார். விதிக்கு இன்று வழங்குவது இரண்டாமவர் பெயர். மூன்று தளங்களும் இணையாக இருப்பது இவ்விதியின் ஒரு தனி நிலைதான்; அப்போது அந்தச் சந்திப்புக் கோடு முடிவிலியில் இருக்கிறது.

இருட்டறைகள் இப்போது அருகிவிட்டன. ஆனால் பழைய நெகட்டிவ்களை ஒளிப்பெட்டியின்மேல் வைத்து டிஜிட்டல் காமிராவால் படமெடுத்துக் காக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே பெரும்பாலும் உருப்பெருக்கம் ஒன்றை ஒட்டியிருப்பதால் சாய்வின் தண்டனை இவ்வளவு கடுமையாக இராது. நெகட்டிவின் இடத்தில் ஓர் ஆடியை வைத்து, காமிராவில் அதன் லென்சின் பிம்பமே நடுவில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

மறுநாள் எடுத்த படத்தை மாணவி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம். தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற தோழியின் பெயரைச் சொல்லி, "இவ பூ வச்சிருக்கா பாரு, அன்னைக்கு எனக்குத் தரமாட்டேன்னுட்டா" என்றாராம். உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் அந்தப் பூவும் தெரிகிறது.

எங்கள் இருட்டறைக் கருவியின் லென்சுத் தகட்டில் இப்போது ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது: "மூலையில் உள்ள தகட்டை எடுக்கக் கூடாது." கீழே என் கையொப்பம்.